பிக்கப் வண்டிகள் வரும் கடற்கரை

ஜனவரி 26, திங்கள். முலெஹே, மெக்சிகோ

இன்று தண்ணீர் பிடிக்கும் நாள். நாங்கள் தங்கிப் பயணிக்கும் ட்ரெய்லரின் டேங்க் 150 லிட்டர் கொள்ளும். அது குளிக்க, துலக்க. குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூன்று ‘கர்ரஃபோன்’ எடுத்துக்கொண்டோம். சென்னையில் வாசலுக்கு வந்து இறங்கும் அதே இருபது லிட்டர் கேன்தான். சுத்திகரித்த தண்ணீர் விற்கும் கடையில் கேனைக் கழுவி, நிரப்பி, மூடி போட்டுத் தந்தார்கள். டேங்குக்கும் அங்கேயே குழாய் போட்டு நிரப்பியாயிற்று. நாளை போகிற இடத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது.

“ஒரு வாரம் வருமா?” என்றார் இவர்.

“தலைக்குக் குளிக்கலைன்னா வரும்.”

இங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாஹா கலிஃபோர்னியா, அமெரிக்கக் கலிஃபோர்னியாவுக்குக் கீழே ஒல்லியாகத் தெற்கு நோக்கி இறங்கும் மெக்சிகோவின் தீபகற்பம். மேற்கே பசிபிக், கிழக்கே கோர்த்தெஸ் கடல், நடுவில் மலையும் பாலையும். அதன் நீளத்துக்கும் தார்ச்சாலை போட்டு முடித்தது 1973இல்தான். தீஹுவானாவிலிருந்து காபோ சான் லூகாஸ் வரை சுமார் 1,700 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம். இருவழிச் சாலை. பல இடங்களில் ஓரம் என்று ஒன்றே இல்லை, வெள்ளைக்கோடு முடிந்தால் அடுத்தது பள்ளம். எதிரே லாரி வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவோம். முன்னால் போகிற லாரிக்காரர் இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால், எதிரில் யாரும் இல்லை, முந்திப் போ என்று அர்த்தம். அவர் நிஜமாகவே இடப்பக்கம் திரும்பப் போகிறார் என்றும் அர்த்தம். இரண்டில் எது என்பது நம் ஜாதகத்தைப் பொறுத்தது.

எல் ரொசாரியோவைத் தாண்டினால் முந்நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. வழியில் கத்தாவின்யாவில் டிரம்மில் வைத்து விற்கிறார்கள். நாங்கள் நிரப்பிக்கொண்டே வந்ததால் வாங்கவில்லை. ஆனால் அந்த டிரம்களைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. 28ஆவது அட்சரேகையில் மாநில எல்லை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம். அங்கே கெர்ரேரோ நெக்ரோவில் உலகின் மிகப்பெரிய உப்பளங்களில் ஒன்று இருக்கிறது. பிறகு சாந்தா ரொசலியா. 1885இல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று செம்பு எடுக்க வந்து கட்டிய ஊர். மர வீடுகள், இரும்புத் தகட்டில் ஒரு தேவாலயம், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டி அடுப்பு. ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஜனவரி 27, செவ்வாய். ரெக்கெஸோன்

முலெஹேயைத் தாண்டிச் சாலை ஒரு மேடு ஏறித் திரும்பியதும் கொன்செப்ஸியோன் விரிகுடா. தெற்கு வடக்காக முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம், வாய் வடக்கே மட்டும். மற்ற மூன்று பக்கமும் காய்ந்த பழுப்பு மலை. அதில் அங்கங்கே கார்தோன் என்கிற ராட்சதக் கள்ளி, இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு. முதலில் வரும் சான்திஸ்பாக் கடற்கரையில் பஸ் அளவு மோட்டார் ஹோம்கள் வரிசை கட்டியிருந்தன. எல் கொயோத்தேயிலும் கூட்டம். நாங்கள் 92ஆம் கிலோமீட்டர் கல் வரை போய்த்தான் கடல் பக்கம் இறங்கினோம்.

ரெக்கெஸோனின் விசேஷம் அந்த மணல்திட்டு. கரையிலிருந்து கிளம்பி எதிரே உள்ள குட்டித் தீவு வரை போகிறது. நீர் ஏறினால் நடுவில் மூழ்கும், வற்றினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தீவுக்கு நடக்கலாம். தெற்குக் கோடியில் கொஞ்சம் அலையாத்தி. கரையோரம் ஓலை வேய்ந்த சில ‘பலாப்பா’ குடில்கள், பின்னால் குழிக் கழிப்பறைகள். வசதி அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் பக்கத்து வண்டிக் கனடாக்காரரின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத் தட்டுக்கு நன்றி.

டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு இறுகிய மணலாகப் பார்த்து வண்டியை நிறுத்தியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் மட்டம் பார்ப்பது. கடலைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். எங்கள் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடும் வகை; கம்ப்ரஸர் கிடையாது. சிறு சுடர் ஒன்று அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிச் சுற்றவிடுகிறது, திரவம் தன் எடையாலேயே இறங்கித் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் குளிர் நின்றுபோகும், நாளடைவில் உள்ளே குழாயும் அடைத்துக்கொள்ளும். அதனால் ரசமட்டத்தை வாசற்படியில் வைத்து, ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் குமிழி நடுவில் வந்து நின்றபோது சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. இந்தக் கரையில் அஸ்தமனம் சீக்கிரம்.

இருட்டும் நேரத்தில் பிக்கப் ஒன்றில் ஒருவர் வந்து இரவு வாடகை வாங்கிக்கொண்டார். இருநூற்றுச் சொச்சம் பேசோ. மெக்சிகோவில் கடற்கரை எவருக்கும் சொந்தமில்லை. நீர் ஏறும் எல்லையிலிருந்து 20 மீட்டர் கூட்டாட்சி அரசின் நிலம். கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டார் நேரடியாகப் பட்டா வாங்கவும் முடியாது, வங்கி அறக்கட்டளை மூலமாகத்தான். வந்தவர் வாங்குவது குப்பை அள்ளவும் கழிப்பறை பார்க்கவும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் டார்ச் வெளிச்சத்தில் எழுதிய துண்டுச் சீட்டில் எங்கள் வண்டி எண் மட்டும் இருந்தது.

ஜனவரி 28, புதன்

காலை எட்டு மணி. எதிர்க்கரை மலைக்கு மேலே சூரியன். கார்தோன் உச்சிகளில் கழுகுகள் இரண்டு இறக்கையையும் விரித்து, அசையாமல், முதுகைக் காய வைத்துக்கொண்டிருந்தன. நான் பேட்டரி மீட்டரைப் பார்த்தேன். 12.4 வோல்ட். ஈய பேட்டரி 12.2க்குக் கீழே போனால் பாதிக்கு மேல் காலி. அடிக்கடி அப்படி விட்டால் ஆயுள் போய்விடும். கூரையில் 200 வாட் சோலார். விளக்கு, தண்ணீர் பம்பு, போன், லேப்டாப்புக்குப் போதும். மிக்ஸி போடுவதென்றால் உச்சி வெயிலில், ஒரு நிமிடம். சட்னி அரைக்கும் நேரத்தை இங்கே சூரியன் முடிவு செய்கிறது.

நான் மின்சாரம், இவர் அடுப்பு. எங்கள் வண்டியில் இலாகா இப்படித்தான் பிரிந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் கூட்டு இலாகா, அதனால் சண்டையும் அங்கேதான். முறை என்னவென்றால், பாத்திரத்தைக் கடலில் மணல் போட்டுத் தேய்த்து அங்கேயே அலசுவது. பிறகு அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முக்கு. கடைசியில் ஸ்ப்ரே பாட்டிலில் நல்ல தண்ணீரைத் தூவித் துடைப்பது. துடைக்காமல் விட்டால் உப்பு கத்தியைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். குளியல் கடலில், அதன்பின் தோளில் ஊற்ற ஒரு சொம்பு. தலைக்கு என்றால் இரண்டு. இவர் மூன்று ஊற்றுகிறார் என்பது என் சந்தேகம்.

தண்ணீருக்கு எங்களைவிடத் தவிப்பவை தேனீக்கள். இந்தப் பாலையில் மழை அபூர்வம், ஊற்று தூரம். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஈரம், துண்டின் ஈரம், குழாய் முனையில் நிற்கும் சொட்டு எல்லாவற்றுக்கும் வந்துவிடும். கொட்டுவதில்லை, ஆனால் ஜன்னல் வலையில் நாற்பது ஐம்பது மொய்த்தால் யாருக்கும் கை நடுங்கும். பழகியவர்கள் சொல்லித் தந்த வழி: வண்டியிலிருந்து தள்ளி, ஒரு தட்டில் கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவது. கல் எதற்கென்றால் அவை உட்கார்ந்து குடிக்க. அரை மணியில் முழுக் கூட்டமும் அங்கே போய்விட்டது. இதற்கும் தினம் ஒரு லிட்டர் கணக்கில் எழுத வேண்டும்.

ஒன்பதரைக்கு முதல் ஹார்ன். காய்கறி பிக்கப். பின்பக்கத்தைத் திறந்தால் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, செர்ரானோ மிளகாய், முள் சீவிய சப்பாத்திக் கள்ளி மடல், சௌசௌ. இவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சௌசௌவுக்கு இதுதான் சொந்த நாடு, மிளகாய்க்கும் இதுதான். நம் கூட்டிலும் குழம்பிலும் அவை இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று நம்புவதற்கே கடினம். புளி எதிர்த்திசையில் பயணித்து இங்கே வந்து மிட்டாயும் சர்பத்துமாகிவிட்டது. காய்கறிக்காரரிடம் அதுவும் இருந்தது, ஓட்டோடு. மதியம் சாம்பார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் பிக்கப். பின்னால் பெரிய பிளாஸ்டிக் டேங்க், சின்ன பெட்ரோல் பம்பு, நீளமான குழாய். “வியாழன் வரமாட்டேன் சென்யோரா, காற்று வரும். இப்பவே நிரப்பிக்கொள்ளுங்கள்” என்றார், என் ஸ்பானிஷுக்காக மெதுவாக. அவருக்குப் பின்னால் முட்டைக்காரர். மலைப்பக்கம் பண்ணை, முட்டையோடு ஆட்டுப்பால் சீஸும் கொண்டுவருவார். சில்லறை இல்லை என்று பாக்கி வைத்துவிட்டுப் போனார். மூன்றரைக்கு ஒரு பெண் துணி மூட்டைகளை வாங்கிக்கொண்டு போனார், வெள்ளிக்கிழமை மடித்து வருமாம். நடுவில் போர்வை விற்பவர் ஒருவர். அவரிடம் யாரும் வாங்கவில்லை, ஆனால் எல்லோரும் பேசினார்கள்.

ட்ரெய்லர்க்காரர்கள் கூடினால் ‘யாரையும் நம்பாமல் வாழ்கிறோம்’ என்கிற பேச்சு வந்துவிடும். இத்தனை வாட், இத்தனை லிட்டர், இத்தனை நாள். நானும் பேசியிருக்கிறேன். இந்தக் கரையில் ஒரு பகல் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிறது: எங்கள் சோலாரும் டேங்கும் இரண்டு பிக்கப்களுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தாக்குப்பிடிக்கத்தான். ஆளரவமற்ற கடற்கரை என்று நாங்கள் படம் எடுத்துப் போடுகிற இடத்துக்கு, படத்தில் விழாத ஒரு கடைத்தெரு தினமும் சக்கரத்தில் வந்து போகிறது. தண்ணீர்க்காரரின் வீட்டிலும் குழாய் இல்லையாம். விசாரித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்கு விற்கிற அதே டேங்கிலிருந்துதான் அவர் வீட்டுக்கும்.

ஜனவரி 29, வியாழன்

அவர் சொன்ன காற்று வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு வெய்யில் மறைப்பின் கம்பி அடித்துக்கொண்ட சத்தத்தில் எழுந்து, இருவருமாக இருட்டில் அதைச் சுருட்டிக் கட்டினோம்.

இதற்கு இங்கே ‘நோர்த்தே’ என்று பெயர். குளிர்காலத்தில் அமெரிக்காவின் மேற்கு உள்நாட்டுப் பாலைகளில் காற்றழுத்தம் ஏறும்போது, அங்கிருந்து கிளம்பும் குளிர்காற்று இந்தக் குறுகிய கடலுக்குள் நுழைந்துவிடுகிறது. இருபுறமும் மலை இருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லை. முழு வேகத்தோடு தெற்கே ஓடிவருகிறது. எங்கள் விரிகுடாவின் வாயும் வடக்கே. நேற்று தட்டையாக இருந்த தண்ணீரில் இன்று வெள்ளை நுரை, மணல்திட்டின் ஒரு பக்கம் மட்டும் கொந்தளிப்பு. இன்னொரு பக்கம் ஏதும் நடக்காதது மாதிரி பச்சையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போய் உட்காரலாம்தான், மணல் முகத்தில் அறையாவிட்டால்.

வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டம் குறைவு. எங்கள் ட்ரெய்லர் பக்கவாட்டில் நிற்கிறது. மட்டம் பார்த்து வைத்த வண்டியை இன்னொரு முறை நகர்த்த இருவருக்கும் மனசில்லை. கதவைத் திறக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் திறந்து மூடுவதற்குள் ஒரு கைப்பிடி மணல் உள்ளே. படுக்கையில், சர்க்கரை டப்பாவில், லேப்டாப் பித்தான்களுக்குள். ஒரே ஒரு நல்லது, தேனீயும் இல்லை, அலையாத்திப் பக்கமிருந்து சாயங்காலம் வந்து கடிக்கும் ‘ஹெஹேன்’ என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

காற்று. பிக்கப் எதுவும் இல்லை. துணி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. மீனவர்களின் ‘பாங்கா’ படகுகள் மூன்று கரையில் ஏற்றிக் கிடக்கின்றன. எங்களுக்குக் காற்று என்றால் சீட்டாட்டம், அவர்களுக்குப் படியளப்பு இல்லாத நாள். ஒரு மீனவர் படகு ஓரத்தில் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளை விடிந்தால் நிற்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். போனைத் தூக்கிக் காட்டினார். முலெஹே போனபோது வானிலைப் படத்தை இறக்கி வைத்திருக்கிறார்.

ஜனவரி 31, சனி

நின்றுவிட்டது. விடியும்போதே கடல் கண்ணாடி. பழுப்புக் கூழைக்கடாக்கள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றாக இறக்கையை மடக்கித் தலைகுப்புற விழுந்து மீன் எடுத்தன. இரண்டு நாள் பட்டினியை ஒரே காலையில் தீர்த்துக்கொள்கிற வேகம்.

பத்து மணியிலிருந்து வண்டிகள். இந்த முறை விற்க வந்தவர்கள் இல்லை. பிப்ரவரி 5 மெக்சிகோவின் அரசியல் சாசன நாள். அதன் விடுமுறையை மாதத்தின் முதல் திங்களுக்கு மாற்றிவைத்திருக்கிறார்கள், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரட்டும் என்று. முலெஹேயிலிருந்தும் லொரேட்டோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பாட்டி, பேரன், நாய், ஐஸ் பெட்டி, டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த அடுப்பு, ஆள் உயர ஸ்பீக்கர். எங்கள் வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடத்தில் மதியத்துக்குள் நான்கு கூடாரம். மாட்டிறைச்சிப் புகை, டூபா என்ற பெரிய ஊதுகருவி அதிரும் வடமெக்சிகோப் பாட்டு.

வடக்கேயிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களில் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. அமைதி போயிற்றாம். ஒருவர் தன் வண்டி முன்னால் கயிறு கட்டிப் பார்த்தார். வாடகை வாங்க வந்தவர், ஒன்றும் சொல்லாமல் அந்தக் கயிற்றைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அது பிடித்திருந்தது. வருஷம் முழுக்க இந்தத் தண்ணீரையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு வருகிற குடும்பங்கள், அவர்கள் ஊர்க் கடலில் மூன்று நாள் பாட்டு வைத்தால் என்ன? இரவு ஒரு மணிக்கு மூன்றாவது தடவையாக அதே பாட்டு வந்தபோது என் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று பௌர்ணமி, நமக்குத் தைப்பூசம். இவர் காலையில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்ததும் பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைகள் நெற்றியையே பார்த்தன. ஒரு சிறுமி வந்து, தனக்கும் வேண்டும் என்று முகத்தைக் காட்டி நின்றது. அப்புறம் ஆறு பேர்.

இந்த விரிகுடாவில் ஏற்றவற்றம் பெரிதாக இல்லை, ஆனால் திட்டைச் சுற்றித் தண்ணீருக்கு ஆழமும் இல்லை. அதனால் பௌர்ணமி, அமாவாசையில் கொஞ்சம் வற்றினாலும் நிலம் நிறைய வெளியே வருகிறது. தீவு வரை பாதை முழுதும் காய்ந்துவிட்டது. இங்கே கணுக்கால் நீரில் நடக்கும்போதுகூடக் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, மணலை உழுதுகொண்டு தேய்த்துத் தேய்த்துப் போக வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால் முள் இறங்கும், அதிர்வு தெரிந்தால் அதுவே விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பதுதான் முதலுதவி. கனடாக்காரர் போன வருஷம் குத்து வாங்கியவர், அதனால் கரையில் எல்லோருக்கும் இலவசமாக நடைப்பயிற்சி தருகிறார்.

திட்டின் ஓரத்தில் கூடாரக் குடும்பங்களின் ஆண்கள் குனிந்து சிப்பி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ‘சாக்கலேட் சிப்பி’ என்று பெயர், ஓடு அந்தப் பழுப்பு நிறம் என்பதால். உள்ளங்கை அளவு. மணலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை தெரிந்தால் அடியில் இருக்கிறது. எங்களைப் போன்ற சுற்றுலாப் பயணிகள் எடுக்கக் கூடாது. இந்த நாட்டுச் சட்டத்தில் பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதி மீனுக்கு மட்டும்தான், சிப்பிக்கும் நண்டு இறாலுக்கும் இல்லை. வேண்டுமானால் மீனவரிடம் வாங்க வேண்டும். நான் பாங்காக்காரரிடம் ஒரு டஜன் வாங்கினேன், அவரே திறந்து எலுமிச்சை பிழிந்து தந்தார்.

ஆனால் நல்ல சாப்பாடு சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்தில். சரளைக்கல்லைத் தட்டையாகப் பரப்பி, சிப்பிகளைக் கீல் மேலே வருமாறு வாய் கீழே குத்தி நெருக்கமாக நட்டு, மேலே காய்ந்த செடிகளைக் குவித்துக் கொளுத்திவிட்டார் பாட்டி. சுள்ளி எரிந்து அடங்கியதும் சாம்பலை ஒதுக்கினால் சிப்பி தன் சாற்றிலேயே வெந்திருக்கிறது. வாய் கீழே இருப்பதால் சாம்பல் உள்ளே போகாது. லொரேட்டோ பக்கத்துப் பழைய முறை. நான் எத்தனை தின்றேன் என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார். இவர் சைவம், அவருக்குக் கிடைத்தது சுட்ட வெங்காயமும் சீஸும்.

பிப்ரவரி 2, திங்கள்

விடுமுறையின் கடைசி நாள். அதோடு இன்று ‘கந்தெலாரியா’. ஜனவரி 6இல் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு இங்கே வளையமாக ஒரு ரொட்டி வெட்டுவார்கள், உள்ளே சின்னக் குழந்தை பொம்மை ஒளிந்திருக்கும். எவர் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே போட வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் மருமகனுக்கு வந்திருக்கிறது. அவர் சமைக்கிற ரகம் இல்லை. காலை எட்டு மணிக்கே சாலை மேட்டில் நின்று தமாலே பிக்கப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. பின்னால் ஆளை உள்ளே வைக்கலாம் போல இரண்டு அலுமினியக் குண்டான்கள், துணி சுற்றி. மருமகன் ஒரு குண்டானை ஏறக்குறைய முழுசாக எடுத்துவிட்டார். தமாலே என்பது சோள மாவை அடித்துப் பிசைந்து, நடுவில் கறியோ மிளகாயோ வைத்து, சோளத் தோகையில் சுருட்டி ஆவியில் வேகவைப்பது. இவர் ஆவலாக, கறி இல்லாதது உண்டா என்று விசாரிக்கச் சொன்னார்.

“மிளகாயும் சீஸும் வைத்தது இருக்கிறது, கறி கொஞ்சமும் கிடையாது” என்றார் விற்கிற அம்மா.

“மாவில்?”

“மாவில் பன்றிக் கொழுப்பு. அது இல்லாமல் எப்படி மாவு உப்பும்?”

இவர் குண்டானை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். அன்றைக்கு நான் ஐந்து தமாலேயும் இவர் ரவை உப்புமாவும். அந்த அம்மா இவருக்காக வருத்தப்பட்டு, புதன்கிழமை எண்ணெய் ஊற்றிப் பிசைந்து தனியாக நாலு கொண்டுவருகிறேன் என்றார். நாங்கள் நாளை கிளம்புகிறோம் என்று சொல்ல எனக்கே சங்கடமாகிவிட்டது.

மாலைக்குள் கூடாரங்கள் காலி. போகும்போது குப்பையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், ஓரிரு பீர் மூடிகள் தவிர. கயிறு கட்டியவர் மறுபடியும் நாற்காலியை முன்னால் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய். மீண்டும் முலெஹே

டேங்க் மீட்டர் கால்வாசிக்குக் கீழே. அது கிளம்பியதற்கு ஒரு காரணம்தான். மறு காரணம் கழிவு டேங்க், அது ததும்பும் நிலை. நல்ல தண்ணீர் உங்களைத் தேடி பிக்கப்பில் வரும். கழிவை வாங்கிக்கொள்ள எந்த பிக்கப்பும் வராது. நீங்கள்தான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆற்றோரம் ஒரு ட்ரெய்லர் பூங்காவில் காசு கொடுத்துக் கொட்டினோம். கையுறை, குழாய், மூச்சை அடக்கிக்கொண்டு பத்து நிமிடம். கடற்கரைப் படங்களில் வராத காட்சி என்பதால் எழுதி வைக்கிறேன்.

கை கழுவிவிட்டு ஊரைச் சுற்றினோம். பாலைக்கு நடுவே ஆறும் பேரீச்சைத் தோப்புமாக இருக்கிற ஊர். சேசு சபையார் 1705இல் மிஷன் தொடங்கியபோது கொச்சிமிப் பழங்குடி மக்கள் இந்த ஆற்றங்கரையில்தான் இருந்தார்கள். மேட்டில் பழைய சிறை, இப்போது அருங்காட்சியகம். கைதிகள் காலையில் ஊருக்குள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் சங்கு ஊதினால் திரும்பி வந்துவிடுவார்களாம். தப்பி எங்கே போவது, சுற்றிலும் தண்ணீர் இல்லாத நிலம்.

கரையிலிருந்து கிளம்பும்போது மிச்சக் கணக்கையெல்லாம் கனடாக்காரர் பெயருக்கு மாற்றிவிட்டு வந்தேன். முட்டைக்காரர் எங்களுக்குத் தர வேண்டிய நாற்பது பேசோவை அவரிடம் முட்டையாகக் கொடுப்பார். துணிக்காரம்மாவிடம் இருக்கும் எங்கள் நீலத் துண்டு அடுத்த மூட்டையோடு அவருக்குப் போகும், லொரேட்டோவுக்கு அவர் வரும்போது எடுத்து வருவார். புதன்கிழமை கொழுப்பில்லாத தமாலே நான்கு வந்தால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். “எனக்குக் கொழுப்பு போட்டதே போதுமே” என்றார். போதாது, அந்த அம்மா உங்களை நம்பிப் பிசைந்து வருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை காலை லொரேட்டோ.